கொழுந்தின் நிறமும் சுண்டெலியின் உடலும்

தேயிலை நோயைத் தடுக்கும் என்ற செய்திக் குறிப்புகள் என் பத்திரிகை வாழ்வில் அடிக்கடி மேசைக்கு வந்ததுண்டு. அவற்றுட் பல, எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் சுண்டெலிகளிடம் கண்ட முடிவை ஹட்டன், நுவரெலியாத் தேயிலையின் பெருமையாக்கிவிடும். அந்த முடிவுக்கும் நம் கோப்பைக்கும் இடையிலுள்ள தொலைவை வரலாற்றின் வழியே அளந்து பார்ப்பது நன்று.

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களா விறாந்தையில் மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் உலர்த்தினார். உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து, பச்சைக் கொழுந்து செம்பு நிறம் கொள்ளும். தொழிலில் இதனை 'நொதித்தல்' என்பர். ஆயினும் இது நுண்ணுயிரின் வேலையன்று. இலையிலேயே உள்ள நொதியமொன்று காற்றின் ஒட்சிசனைக் கொண்டு கற்றெக்கின் என்னும் சேர்வைகளை மாற்றுகின்றது. எனவே இது ஒட்சியேற்றம். தமிழகத்தார் ஆக்சிஜனேற்றம் என்பர். இதில் விளையும் தியாஃபிளவின், தியாரூபிஜின் என்பவற்றை ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் 1950களில் ஆராய்ந்து விளக்கினார். நம் தேநீரின் நிறமும் துவர்ப்பும் இவற்றாலேயே.

இனி எலியிடம் வருவோம். உடலின் பாதுகாப்புப் படை சொந்த உடலையே தாக்காதபடி தடுத்து நிறுத்தும் உயிரணுக்கள் உண்டு. ஒழுங்குபடுத்தும் 'டி' அணுக்கள் எனப்படும் இவற்றை ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995 இல் சுண்டெலிகளில் இனங்காட்டினார். மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2001 இல், நோயுற்ற ஓர் எலி இனத்தில் 'ஃபொக்ஸ்பி3' என்னும் மரபணுவின் குறையைக் கண்டறிந்தனர். அந்த மரபணுவே இவ்வணுக்களை ஆள்வது எனப் பின்னர் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இதனிடையே 2011 இல், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பச்சைத் தேயிலையின் 'ஈஜிசிஜி' என்ற கற்றெக்கினைப் பெற்ற சுண்டெலிகளில் இவ்வணுக்கள் பெருகியதாக அறிவித்தனர். மதிப்புக்குரிய ஆய்வுதான். ஆனால் அங்கு கொடுக்கப்பட்டது தேநீரன்று. பிரித்தெடுத்த தனிச் சேர்வை. நம் மலைகளில் பெரும்பாலும் உருவாகும் கறுப்புத் தேயிலையிலோ, ஒட்சியேற்றத்தின்போது அச்சேர்வையின் பெரும்பகுதி வேறொன்றாகிவிடுகின்றது. எலியின் முடிவைக் கோப்பைமீது ஒட்டுவதற்கு முன் இவ்விரு படிகளையும் கடக்க வேண்டும்.

எலியிடமன்றி மனிதரிடமே நேராகக் காணப்பட்ட உண்மையொன்று உண்டு. உணவோடு அருந்தும் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைப் பெரிதும் குறைக்கின்றது. தென்னாபிரிக்க ஆய்வொன்று 1975 இலேயே இதனை எடுத்துக்காட்டியது. காரணம், விளம்பரங்கள் புகழும் அதே பல்பீனோல் குடும்பந்தான். அந்தக் குணத்தை ஒட்சியேற்றமும் போக்குவதில்லை. லயத்தில் ரொட்டியும் தேத்தண்ணீருமே காலை உணவாகக் கொண்டு மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று. மலையகப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலத் துன்பம். தேநீர் மட்டுமே அதற்குக் காரணமன்று. வறிய உணவும் அடுத்தடுத்த பேறுகாலமும் குடற்புழுவும் சேர்ந்தே அதனை வளர்த்தன.

தேநீரை உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துதல் செலவற்ற பரிகாரம். ஆயினும் மலையேறும் அவசரத்தில் அந்த ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைப்பதில்லை. தேயிலையின் நற்குணங்களைப் பொதிமீது அச்சிடுவோர், அதனைப் பறிப்பவளின் இரத்தத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாக.