செங்கோட்டை ஆவுடை அக்காள்: செவிவழி வாழ்ந்த வேதாந்த இசை

தென்காசிப் பெருங்கோயிலின் திருப்பணியை 1446-ஆம் ஆண்டில் தொடங்கிய பராக்கிரம பாண்டிய மன்னர், பிற்காலத்தில் இவ்வாலயத்துக்குக் குறை ஏதேனும் நேரின் அதனை நீக்கிக் காப்போர் யாவராயினும், அவரை உலகறியப் பணிவதாகக் கல்வெட்டுப் பாடலில் உரைத்துள்ளார். சிதைந்து பல்லாண்டுகள் குறையாக நின்ற இராஜகோபுரம் 1990-ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. கல்லுக்கு ஜீர்ணோத்தாரணம் உண்டெனில், பாட்டுக்கும் அது வேண்டுமன்றோ? தென்காசிக்கு மேற்கே அணித்தாயுள்ள செங்கோட்டையில் தோன்றிய ஆவுடை அக்காளின் பாடல்கள் அத்தகைய திருப்பணியை நாடி நிற்பன.

தமிழிசையில் மாதர்க்குரிய இடம் மிகத் தொன்மையானது. தேவார மூவர்க்கும் முற்பட்ட காரைக்கால் அம்மையார் நட்டபாடையிலும் இந்தளத்திலும் மூத்த திருப்பதிகங்களை அருளினார். ஆண்டாளின் திருப்பாவை மார்கழிதோறும் ஒலிக்கின்றது. அவ்வழியில் வந்தும், பேரவைகளில் பெயர் கேட்கப்பெறாதவர் அக்காள்.

அந்தணர் குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பெற்று, விரைவிலேயே கைம்மை எய்தியவர் அவர் என்பது வழிவழிச் செய்தி. கல்வியும் மங்கலமும் மறுக்கப்பட்ட அப்பெண்ணுக்கு, திருவிசைநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள் உபதேசம் அருளினார் என்பர். ஐயாவாள் தஞ்சைச் சகஜி மன்னர் (1684–1712) காலத்தவர். குருவருள் பெற்ற அக்காளை ஊரார் முதலில் இகழ்ந்தனர். பின்னர் அவர்தம் ஞானத்தை உணர்ந்து போற்றினர். ஓர் ஆடி அமாவாசையன்று குற்றாலத்து அருவியில் நீராடி மலைமேல் ஏறிச் சென்றவர் திரும்பவில்லை என்று அப்பகுதி மக்கள் இன்றும் கூறுவர்.

அத்வைத வேதாந்தத்தின் அரிய பொருளைப் பெண்டிர் நாவில் அன்றாடம் பயின்ற பாட்டு வடிவங்களிலேயே அவர் அமைத்தார். வேதாந்த அம்மானை, வேதாந்தப் பல்லி, வேதாந்தக் கப்பல், சூடாலைக் கும்மி என்னும் பெயர்களே இதற்குச் சான்று. அம்மானை ஆடுவோர்க்கும் கும்மி கொட்டுவோர்க்கும் வடமொழிப் பயிற்சி வேண்டியதில்லை. பாடப் பாடப் பொருள் தானே விளங்கும். உடலின் தீட்டை ஆன்மாவின்மேல் ஏற்றும் பேதைமையை அவர் கடிந்து பாடியதும் குறிப்பிடத்தக்கது. ஒதுக்கி வைக்கப்பட்ட மாதர்க்கு அப்பாட்டு அருமருந்தாயிற்று.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதற்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு என வழங்கலாயிற்று. அக்காளும் குறவஞ்சி பாடினார். அது வேதாந்தக் குறவஞ்சி. அதற்கு அரசர் மானியம் இல்லை, அரங்கேற்றம் இல்லை. அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் பாட்டிமார் பேத்தியர்க்குப் பாடிக் காட்டியதே அதன் அரங்கேற்றம். கைம்பெண்கள் பலர் அப்பாடல்களைத் தங்கள் கையால் குறிப்பேடுகளில் எழுதி வைத்துப் பாராயணம் செய்தனர்.

இவ்வாறு சிதறிக் கிடந்த செல்வத்தைத் தேடித் தொகுத்தவருள் முதன்மையானவர் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள். அவர் தொகுத்த பாடல் திரட்டு 1953-ஆம் ஆண்டில் அச்சேறியது. பின்னர் கோமதி ராஜாங்கம் அம்மையார் முதிய மாதரை நாடிச் சென்று மேலும் பாடல்களைத் திரட்டினார். திருக்கோவிலூர்த் தபோவனத்து ஞானானந்த நிகேதன் 2002-ஆம் ஆண்டில் விரிவான பதிப்பை வெளியிட்டது. அதனால் எழுத்து பிழைத்தது.

ஆயினும் எழுத்து பிழைப்பது பாதித் திருப்பணியே. மெட்டு ஏட்டில் அடங்குவதன்று. வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்கும் செல்வது. பாடத் தெரிந்த ஒரு மூதாட்டி மறையும்போது, அவர் அறிந்த மெட்டும் உடன் மறைகின்றது. இசைவாணர் அம்முதியோர் முன் அமர்ந்து கேட்டு, சுரப்படுத்தி, இளம் பெண்களுக்குக் கற்பித்தலே எஞ்சிய பணி. கோயில் விழாக்களிலும் நவராத்திரிக் கொலுவிலும் அக்காளின் கும்மியும் அம்மானையும் ஒலித்தல் வேண்டும்.

குற்றாலத்தில் எழுந்தருளியுள்ள அம்மையின் திருநாமம் குழல்வாய்மொழி. குழலிசையொத்த மொழியினாளின் மலையடியில் ஒரு பெண்ணின் இசை ஓய்ந்துபோதல் தகாது. அதனைக் காப்போரும் பராக்கிரம பாண்டியர் பணிந்த பெருமக்களே ஆவர்.