தோப்பு முழுக்க புல்லா? பெரிய மெஷின் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

குற்றாலத்தில் சாரல் விழுந்து நின்ற கையோடு ரெண்டு வாரம் வெயில் அடித்தால் போதும். கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் புல் முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கும். விழுந்த தேங்காய் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. இது ஒரு தடவையோடு முடிகிற வேலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கூலிக்கு ஆள் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது. அதனால்தான் ஏற்கெனவே ஒரு சின்ன மெஷின் வைத்திருப்பவர்கள்கூட, "இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்று யோசிக்கிறார்கள். ஆனால் பெரிய மெஷின் என்பதாலேயே அது நல்ல மெஷின் ஆகிவிடாது. நிலம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லான் மோவர் தோப்புக்கு ஆகுமா?

நேரடியாகச் சொன்னால், ஆகாது. புல்தரையைச் சீராக வெட்டுவதற்கென்று 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கிய கருவிதான் லான் மோவர். துணி மில்லில் கம்பளித் துணியின் மேல் பிசிரை வெட்டும் மெஷினைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. சமமான தரை, குட்டையான புல், அடிக்கடி வெட்டுவது என மூன்றும் இருந்தால்தான் லான் மோவர் ஒழுங்காக ஓடும். ரிசார்ட் புல்வெளி, வீட்டு முற்றம் போன்ற இடங்களுக்குச் சரி. வரப்பு, தென்னம்பாத்தி, கல், காய்ந்த மட்டை, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் கிடக்கும் தோப்பில் இறக்கினால் பிளேடு வளையும், சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

தரை சமமாகவே இருந்தாலும் இன்னொரு கணக்கு இருக்கு. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 21 அங்குல மோவரைத் தள்ளிக்கொண்டு அதை முழுசாக வெட்ட, சுமார் 7.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதுவும் ஒரு வரிசைமேல் இன்னொரு வரிசை படாமல் வெட்டினால்தான். ஐந்து ஏக்கர் என்றால் 38 கிலோமீட்டர். கிட்டத்தட்ட கீழப்பாவூரில் இருந்து குற்றாலத்துக்கு நடந்து போய்த் திரும்புகிற தூரம்!

பிரஷ் கட்டர்: சிசி மட்டும் பார்த்து ஏமாறாதீங்க

நம்ம ஊர் தோப்புகளில் அதிகம் ஓடுவது இதுதான். இப்போது இதில் மாட்டும் நைலான் கயிறு முறையை 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ் கண்டுபிடித்தார். கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்து வந்த ஐடியா.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, இது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதைத்தான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். கம்பெனி 1:50 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. இதைக் கண் அளவில் ஊற்றுவதால்தான் நிறைய மெஷின்கள் சீக்கிரமே படுத்துவிடுகின்றன. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையும் அடைப்பும் வரும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கும் வேலை இல்லை, சத்தமும் பெட்ரோல் செலவும் குறைவு. ஆனால் இன்ஜின் ஆயிலைத் தனியாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெஷினை வேறு ஆள்களிடம் கொடுத்து ஓட்டுபவர்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் நிம்மதி. கலவை தப்பாகிவிடுமோ என்ற பயம் இல்லை.

அடுத்து எடை. தோளில் ஏழெட்டு கிலோவை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வீசிப் பார்த்தால்தான் தெரியும், சிசி அதிகம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று. சமதளத்துக்குத் தோளில் மாட்டும் வகை போதும். ஏற்ற இறக்கமும் வரப்பும் அதிகமுள்ள இடத்தில் முதுகில் சுமக்கும் வகை வசதி.

பிளேடு விஷயத்தில் எல்லாத்துக்கும் ஒரே பிளேடு என்று இருக்கக் கூடாது. இளம் புல்லுக்கும், மரத்தடி, வேலியோரத்துக்கும் நைலான் கயிறு. தடித்த புல்லுக்கு மூன்று பல் பிளேடு. புதர், சின்ன முள்செடிக்குப் பல் அதிகமுள்ள வட்ட பிளேடு. இளங்கன்றுகளின் தண்டில் நைலான் கயிறு உரசினாலும் பட்டை உரிந்துவிடும். அதனால் கன்றைச் சுற்றி ஓரடி தூரத்தைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

அஞ்சு ஏக்கருக்கு மேல் இருந்தால்?

அங்கேதான் டிராக்டர் ஸ்லாஷர் கணக்குக்கு வருகிறது. ஐந்தடி அகல ஸ்லாஷர் ஒரு ஏக்கரை முடிக்க சுமார் 2.7 கிலோமீட்டர் ஓடினால் போதும். தென்னைக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. மினி டிராக்டர் தாராளமாகத் திரும்பும். புளியங்குடி பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களில் இது நடக்காது. கிளை தாழ்ந்து, முள்ளோடு இருப்பதால் மரத்தடிக்கு எப்படியும் பிரஷ் கட்டர்தான்.

ஸ்லாஷருக்குப் பதில் ரோட்டவேட்டர் ஓட்டினால் தரை பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மேலாக ஓடும் வேர்கள் அறுபடும். கோரை இருந்தால் அதன் கிழங்கை நறுக்கி, தோப்பு முழுக்க நடவு செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்! ஸ்லாஷர் வெட்டிப்போடும் புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும். பார்த்தீனியம் மட்டும் பூ எடுப்பதற்கு முன்பே வெட்டப்பட வேண்டும்.

வருஷத்துக்கு ரெண்டு, மூணு முறைதான் வெட்டுகிறீர்கள் என்றால் சொந்தமாக டிராக்டர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வாடகைக்கு ஸ்லாஷர், மரத்தடிக்குச் சொந்தமாக ஒரு பிரஷ் கட்டர். பெரும்பாலான தோப்புகளுக்கு இதுதான் கட்டுப்படியாகும்.

மானியம் கிடைக்குமா?

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு இருக்கு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்பதை உழவன் செயலியிலோ, துறை அலுவலகத்திலோ முதலில் கேளுங்கள். ஆதார், சிட்டா, சிறு குறு விவசாயி சான்று, வங்கிப் புத்தகம் கையில் இருக்கட்டும். அனுமதி வருவதற்கு முன் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு பில்லோடு போய் நின்றால் மானியம் கிடைக்காது.

2025 செப்டம்பர் 22 முதல் புல் அறுக்கும் இயந்திரங்கள் உள்ளிட்ட விவசாய இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கையில் பிடிக்கும் கருவிகள் வேறு பிரிவில் வரலாம். பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டே வாங்குங்க.

கண்ணாடி போடாமல் இறங்காதீங்க

சுழலும் பிளேடில் பட்ட கல் தோட்டா மாதிரி பறக்கும். ஓட்டுபவருக்குக் கண்ணாடி, முழங்கால் வரை காப்பு, பூட்ஸ் கட்டாயம். 15 மீட்டர், அதாவது 50 அடிக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கும் பிள்ளைகள் பின்னால் வந்து நிற்பது ஓட்டுபவருக்குத் தெரியாது, சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் இன்ஜினை நிறுத்திய பிறகுதான் கிட்டே வர வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவதும் வேண்டாம்.

கடையில் ஓட்டிக் காட்டுவதை நம்பி முடிவு செய்யாமல், உங்கள் தோப்பிலேயே புல் அதிகமுள்ள மூலையில் டெமோ கேளுங்க. அரை மணி நேரம் ஓட்டி, அணைத்துவிட்டு, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க. கார்புரேட்டர், கிளட்ச், கயிறு ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றுக்கும் பாவூர்சத்திரத்திலோ தென்காசியிலோ ஸ்பேர் கிடைக்குமா என்றும் விசாரித்துவிடுங்க. வெட்டு முடிந்து மெஷினை ஓரமாக வைக்கும்போது டேங்க்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்து, மாசக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரை அடைத்துவிடும்.