உணவுண்ணல் கோளாறும் ஆளுமைக் கோளாறும்: இணைச் சிகிச்சை

உணவை மறுத்தல் அல்லது அடங்காமல் உண்டு வலிந்து வாந்தியெடுத்தல் போன்ற உணவுண்ணல் கோளாறும், உணர்ச்சிக் கொந்தளிப்பு, கைவிடப்படும் அச்சம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றால் அறியப்படும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது, இரண்டுக்குமான உளச்சிகிச்சைகளை ஒரே திட்டத்தில் இணைத்து அளிக்கும் முறை இது. கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, வேளை தவறாத உணவையும் உண்டதை உடனுக்குடன் குறித்துவைப்பதையும் அடிப்படையாகக் கொள்கிறது. மார்ஷா லினஹன் 1993இல் நூலாக வெளியிட்ட இயங்கியல் நடத்தைச் சிகிச்சையோ, துயரத்தைத் தாங்கவும் உணர்ச்சியை ஆளவும் பயிற்சியளித்து, தற்கொலை முயற்சியையே முதலில் கவனிக்கிறது. இணைப்பின் உண்மையான சிக்கல், எதை முதலில் கவனிப்பது என்ற இந்த வரிசையில்தான் உள்ளது. தொடர் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு பிறழக்கூடுமாதலால், உண்ணும் நடத்தையும் உயிராபத்தாகவே எண்ணப்பட வேண்டியதாகிறது.

உடல் பருமன் குறித்த அச்சமே இல்லாத உணவு மறுப்பு இந்திய நோயாளிகளிடம் பதிவாகியுள்ளதால், மேலைநாட்டு வினாநிரல்களை அப்படியே பயன்படுத்துவது போதாது. வேளை உணவு என்ற விதியும், விடியுமுன்னரே மீன் ஏலம் தொடங்கும் சென்னைக் காசிமேடு போன்ற இடத்தில், கடிகாரத்தைவிட வேலைமுறையையொட்டி அமைவதே பொருந்தும். உதவி நாடுவோருக்கு, காசிமேட்டுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி. 1794இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல நிலையமும் சென்னையிலேயே உள்ளது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தொலைபேசி ஆலோசனை பெறலாம்.