ஃபில்டரைத் தாண்டிப் போனது

எங்க வீட்டு எவர்சில்வர் ஃபில்டருக்குள் இரண்டு வெள்ளைக் கேண்டில் இருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவது என் வேலை. அந்தக் கேண்டிலின் பாட்டன் ஒரு பாரிஸ்காரர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

1884-இல் பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சார்லஸ் சேம்பர்லாந்து, மெருகு பூசாத பீங்கானில் ஒரு வடிகட்டி செய்தார். பாக்டீரியாவை அது நிறுத்திவிடும். 1892-இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலைச் சாற்றை அதே மாதிரி வடிகட்டியில் விட்டுப் பார்த்தார். வடிந்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது! 1898-இல் டச்சுக்காரரான பெய்யரிங்க், இது பாக்டீரியாவே இல்லை, வேறொன்று என்றார். வைரஸ் என்று நாம் சொல்வது இப்படிப் பிடிபடாமல் போய்த்தான் பிடிபட்டது.

பீங்கானுக்குப் பிறகு வந்தது சவ்வு. நோபல் பரிசு பெற்ற சிக்மோண்டி 1910-களில் செல்லுலோஸில் அதைச் செய்தார். இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மனியில் குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அது பயன்பட்டது. இன்றைய அல்ட்ரா ஃபில்டரேஷன் சவ்வின் துளை 0.02 மைக்ரான் அளவுக்கு வந்துவிட்டது, வைரஸும் நிற்கும்.

அப்போ இறால் பண்ணைக்காரர்கள் ஏன் தப்பவில்லை? 1990-களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் கிளம்பிய வெள்ளைப்புள்ளி வைரஸ், 1994-95-இல் ஆந்திர, தமிழகக் கடலோரத்துக்கு வந்தது. நோய் தெரிந்த பத்து நாளுக்குள் குளமே காலி. கடன் மட்டும் மிச்சம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஹெக்டேர் குளம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 1 கோடியே 20 லட்சம் லிட்டர். அதுவும் சேறும் பாசியும் கலந்த உப்புத் தண்ணீர். சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். குஞ்சு பொரிப்பகத்தின் தொட்டிகளுக்குச் சரிப்படும், குளத்துக்குக் கட்டுப்படியாகாது.

பண்ணைகளில் நடப்பது வேறு. தண்ணீர் வரும் குழாயில் 250 மைக்ரான் வலைப்பை கட்டுகிறார்கள். வைரஸ் அதைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு சின்னது; சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வைரஸ் வெறும் தண்ணீரில் சில நாள்தான் தாங்கும். நண்டு, காட்டு இறால் உடம்பில் ஏறித்தான் ஊர் சுற்றும். ஆகவே வலை வைரஸைத் தேடுவதில்லை, அதன் வண்டியைத்தான் மறிக்கிறது. தண்ணீரைத் தனிக் குளத்தில் தேக்கி பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். நண்டு ஏறாமலிருக்க வரப்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலைவேலியும் போடுகிறார்கள்.