பெரம்பலூர் மக்காச்சோளமும் சத்துணவு முட்டையும்

தை, மாசியில பெரம்பலூர், அரியலூர் பக்கம் போயிருக்கீங்களா? அறுவடை முடிஞ்ச மக்காச்சோளம் ரோட்டோரம் மஞ்சளா காஞ்சுகிட்டிருக்கும். தமிழ்நாட்டுல மக்காச்சோளம் அதிகமா விளையுற மாவட்டங்கள்ல பெரம்பலூருக்கு முன்னணி இடம். ஆனா விளைவிக்கிறவங்க அதைப் பெருசா சாப்பிடுறதில்லை. பெரும்பகுதி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போயிடுது. அங்கிருந்து அது எப்படித் திரும்பி வருதுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

புரதங்கிறது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மொத்தம் 20 வகை. அதுல 9 வகையை நம்ம உடம்பால செய்ய முடியாது, சாப்பாட்டுலதான் கிடைக்கணும். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் மாலை பாதியில நின்னுடும்.

1914-ல அமெரிக்காவுல ஆஸ்போர்ன், மெண்டல்னு ரெண்டு விஞ்ஞானிகள் இதை எலிகள்கிட்ட காட்டினாங்க. மக்காச்சோளத்துல இருக்கிற ஸீன்ங்கிற புரதத்தை மட்டும் கொடுத்தப்போ எலிகள் மெலிஞ்சுது. ட்ரிப்டோஃபான் சேர்த்ததும் எடை குறையுறது நின்னுச்சு, ஆனா வளரலை. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ந்துச்சு.

நம்ம சோளம், கம்பு, அரிசியிலயும் லைசின் கம்மிதான். பருப்புல அது தாராளம். பருப்புல குறையுற மெத்தியோனின் தானியத்துல இருக்கு. சோளச் சோத்துல பருப்புக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டா கணக்கு சரியாயிடும். பருப்பு வாங்க முடியாத வீட்டுலதான் சிக்கல். அங்க குழந்தைக்கு வயிறு நிறையும், வளர்ச்சி பின்தங்கும்.

1982 ஜூலை 1-ம் தேதி, திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பெரம்பலூரும் அரியலூரும் அப்போ திருச்சி மாவட்டத்துலதான் இருந்துச்சு. 1989-ல கருணாநிதி ஆட்சியில ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்துச்சு. 2010-ல அது வாரத்துக்கு 5 ஆச்சு. முட்டையில அந்த 9 அமினோ அமிலமும் போதுமான அளவு இருக்கு.

கோழிக்கு மட்டும் அது எங்கிருந்து வருது? எலிக்கு வந்த பிரச்சினைதான் கோழிக்கும். மக்காச்சோளம் மட்டும் போட்டா பத்தாது. அதனாலதான் தீவனத்துல சோயாப் புண்ணாக்கும், தொழிற்சாலையில தயாரிச்ச லைசின், மெத்தியோனினும் கலக்குறாங்க. மானாவாரிக் காட்டுல விளைஞ்ச மக்காச்சோளம், குறை தீர்ந்து முட்டையா பள்ளிக்கூடத் தட்டுக்கு வருது.

ஜிம்முக்குப் போறவங்க டப்பாவுல ‘அமினோ’ன்னு பார்த்து ஆயிரக்கணக்குல செலவு பண்றோம். சத்துணவு முட்டை வீண் செலவுன்னு யாராவது சொன்னா, இந்த எலிக் கதையை அவங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.