போராட்டக் களமும் தேர்தல் களமும்

மக்கள் இயக்கம் கட்சியாக மாறுவது எளிதன்று. புக்குசிமா விபத்து நிகழ்ந்த 2011இல், கூடங்குளம் அணுவுலையை எதிர்த்து இடிந்தகரை மீனவர் உண்ணாநோன்பிருந்தனர். கடலே அவர்தம் விளைநிலம். 2013இல் உச்ச நீதிமன்றம் உலைக்கு இசைவளித்தது. போராட்டத் தலைவர் சுப. உதயகுமாரன் 2014இல் ஆம் ஆத்மி வேட்பாளராகக் கன்னியாகுமரியிலும், பின்னர்ப் பச்சைத் தமிழகம் கட்சி கண்டு 2016இல் இராதாபுரத்திலும் நின்று தோற்றார்.

1980இல் தோன்றிய செருமானியப் பசுமைக் கட்சியோ 1983இலேயே நாடாளுமன்றம் புகுந்தது. அங்கு வாக்கு விகிதத்திற்கேற்ப இடம் கிட்டும். இந்தியாவிலும் மலேசியாவிலும் தொகுதியில் முதலில் வந்தவர்க்கே இடம். சிதறிய ஆதரவு அங்கே வித்தாகும், இங்கே பதராகும்.

பினாங்கில் 1977இல் தோன்றிய சஹாபாட் ஆலாம் மலேசியா கட்சியாகாமலே மீனவர்க்காகக் குரலெழுப்பி வருகிறது. தேர்தலில் தோற்ற குரல் பொய்க்குரல் ஆகிவிடாது. இதனை மாணாக்கர் உணர்தல் வேண்டும்.