நேர்ச்சையும் சாட்சியும்: கொள்ளேகால் வட்டாரத்தில் குணம் வேண்டும் செபத்தின் வரலாறு

காவிரிக்குத் தெற்கே அமைந்த கொள்ளேகால், 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் தாலுகாவாக இருந்து, பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டு, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. பட்டு நெசவுக்குப் பேர்போன இவ்வூரின் பெயரைக் கேட்டதும் தமிழகத்தில் பலருக்கும் மாந்திரீகம் நினைவுக்கு வரும். சுற்றுவட்டார மக்கள் நோய்நொடிக்கு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொள்வதும் நெடுநாள் வழக்கம். மார்ட்டள்ளி போன்ற தமிழ்க் கத்தோலிக்கர் வாழும் ஊர்களும் இதே நிலப்பரப்பில்தான் உள்ளன. செய்வினை, கண்ணேறு, பேய்க்கோளாறு என்று நோய்க்குக் காரணம் தேடிய சமூகத்தில் கிறிஸ்தவம் வேரூன்றியபோது, குணம் வேண்டிச் செபிப்பதும் குணமானதற்குக் கடன் தீர்ப்பதும் எவ்வாறு அமைந்தன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மைசூர் நாட்டில் கத்தோலிக்க மறைப்பணி 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபையின் லியோனார்தோ சின்னாமியால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கப்பெற்றது. அதே காலத்தில் மதுரை மறைப்பணியாளர்கள் சத்தியமங்கலம் வரை வந்திருந்தனர். அக்காலத்து இயேசு சபையினர் ஐரோப்பாவுக்கு எழுதிய ஆண்டு மடல்களில், மந்திரித்த தண்ணீர் தெளித்தும் சிலுவை அடையாளம் வரைந்தும் நோயும் பேய்த்தொல்லையும் நீங்கிய செய்திகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. எனினும் செபித்த கைகள் மருத்துவத்தை ஒதுக்கிவிடவில்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டுக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, பெரியம்மைக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே, 1803-04இல், அதை மக்களிடையே முனைந்து பரப்பியவர் ஆவார்.

மக்களிடையே குணம் வேண்டுதல் பெற்ற வடிவம் நேர்ச்சை, அதாவது கேட்டது கிடைத்தால் இன்னது செலுத்துவேன் என்று புனிதரிடம் செய்துகொள்ளும் வாக்கு. உடலின் எப்பகுதியில் நோவு இருந்ததோ அப்பகுதியின் உருவத்தை, அதாவது கண், கை, கால் என வெள்ளித் தகட்டில் வெட்டிய சிறு வடிவை, வாங்கிப் பீடத்தில் வைப்பதும், மொட்டையடிப்பதும், உப்பும் மிளகும் கொட்டுவதும், வந்தவர்க்கெல்லாம் சோறிடுவதும் இதன் வழிகள். ஊனமுற்ற மோர் விற்கும் சிறுவன் நடக்கத் தொடங்கிய மரபுக் கதையோடு பிணைந்த வேளாங்கண்ணியில், இத்தகைய காணிக்கைகளுக்கென்றே ஒரு காட்சியகம் உள்ளது. மைசூர் மாவட்டத்திலோ, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழவர் ஒருவரின் ஏர் முனையில் தட்டுப்பட்டதாகச் சொல்லப்படும் சிலையைச் சுற்றி வளர்ந்த டோரனஹள்ளி அந்தோணியார் திருத்தலம் சமய வேறுபாடின்றி மக்களை ஈர்த்து, 2019இல் இணைப் பெருங்கோவிலாக உயர்த்தப்பட்டது. கோடி அற்புதர் எனப்படும் அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை உரியதாயிற்று; 1231இல் அவர் அடக்கம் செய்யப்பட்டது அக்கிழமையில்தான்.

மைசூர் நகரின் பிலோமினா பேராலயம் இவ்வரலாற்றின் மற்றொரு கண்ணி. 1802இல் உரோமையின் நிலத்தடிக் கல்லறையொன்றில் கண்டெடுக்கப்பட்ட எலும்புகளின் வழியே பரவிய இப்பக்தி, 1835இல் இதய நோயால் நலிந்திருந்த போலின் ஜாரிக்கோ என்னும் பிரெஞ்சுப் பெண் இத்தாலியின் முஞ்ஞானோவில் குணமடைந்தபோது பெரும்புகழ் பெற்றது. அதே போலின் 1822இல் லியோன் நகரில் வித்திட்ட விசுவாசப் பரப்புதல் சங்கம்தான் கீழைநாட்டு மறைப்பணிகளுக்கு உழைப்பாளிகளின் சிறுகாசைத் திரட்டி அனுப்பியது. மைசூர் அரண்மனை அலுவலர் தம்பு செட்டி 1926இல் பிலோமினாவின் திருப்பண்டத்தை, அதாவது புனிதரின் உடலெச்சத்தை, பெற்றுவந்தார். 1933இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். வரலாற்றுச் சான்று போதாமையால் 1961இல் பிலோமினாவின் விழா திருச்சபை நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டும், மைசூரில் நேர்ச்சைகள் நின்றுவிடவில்லை.

மக்கள் நேர்ச்சையால் உறுதிசெய்ததைத் திருச்சபை விசாரணையால் உறுதிசெய்ய முயன்றது. பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்னும் திருத்தந்தையான லம்பெர்த்தினி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த நெறிப்படி, நோய் கடுமையானதாகவும், குணம் திடீரெனவும் முழுமையாகவும் நிலையாகவும் அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும். மருந்து அதற்குக் காரணமென்று சொல்லத்தக்க நிலையும் இருக்கலாகாது. 2022 மே 15 அன்று மறைசாட்சி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன், கருவிலேயே உயிர்த்துடிப்பு இழந்ததாகக் கருதப்பட்ட குழந்தை பிழைத்த நிகழ்வு இவ்வாறுதான் மருத்துவச் சான்றுகளோடு ஆராயப்பட்டது. சாகும் தறுவாயில் கொடுப்பதென்றே மக்கள் அஞ்சிய அவஸ்தைப்பூசுதல் என்னும் எண்ணெய் பூசும் சடங்கு, 1972இன் சீர்திருத்தத்துக்குப் பின் கடும் நோயுற்றோர் எவருக்கும் வழங்கும் நோயில்பூசுதலாக மாறியதும் குணம் வேண்டலுக்கு வழிபாட்டில் முறையான இடம் அளித்தது.

சீர்திருத்தச் சபையினர் நேர்ச்சையையும் உருவக் காணிக்கையையும் ஏற்கவில்லை. வெஸ்லியன் மெத்தடிஸ்டு சபையார் 1906இல் மைசூரில் மேரி ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையைத் திறந்து, நோயாளியின் கட்டிலருகே செபத்தையும் சிகிச்சையையும் ஒருங்கே கொண்டுவந்தனர். இதற்கு மறுகோடியில், 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், மருந்தையே தவிர்த்துத் தெய்வீக சுகத்தை மட்டும் நாடும் போதனையை ஊழியர்களிடம் வலியுறுத்தியது. பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளித் தகட்டின் இடத்தைச் சாட்சி பிடித்தது. குணமானவர் ஒலிபெருக்கி முன் நின்று நோயின் பெயர், கைவிட்ட மருத்துவர், செபித்த நாள், எழுந்து நடந்த நேரம் என்று ஒரே ஒழுங்கில் சொல்லும் முறை நிலைபெற்றது. நற்செய்திப் பேச்சாளர் தினகரனின் இயேசு அழைக்கிறார் ஊழியம் அதை வானொலி, தொலைக்காட்சி வழியே தமிழ் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. தூய ஆவியின் வரங்களை முன்னிறுத்தும் அருங்கொடை இயக்கத்தின் வழியே கத்தோலிக்கரிடமும் இம்முறை பரவியபோது, வத்திக்கான் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுறுத்தலில், குணமளிக்கும் கூட்டங்களில் வெறியுணர்ச்சியும் நாடகத்தன்மையும் இடம்பெறலாகாது என்று வரையறுத்தது.

குணம் எதனால் நேர்ந்தது என்பது குறித்து வரலாற்றாசிரியர் தீர்ப்பளிக்க இயலாது. ஆனால் குணமடைந்தவர் பிறகு என்ன செய்தார் என்பதற்குச் சான்றுகள் நிறையவே உண்டு. நேர்ச்சையில் நோயாளி ஊருக்குச் சோறிட்டுக் கடன் தீர்த்தார். சாட்சியில் தம் கதையையே சபைக்குக் கொடுத்தார். இரண்டிலும் தனிமனித நோவு பலரறிய முடிவடைந்தது. யார் வைத்த சூனியம் என்று மறைவில் தேடும் மாந்திரீகம் அயலாரைப் பகையாக்கியது. கூட்டத்தின் நடுவே நன்றி சொல்லும் இவ்வழக்கமோ அதே அயலாரைப் பந்தியில் அமர்த்தியது. கொள்ளேகால் போன்ற ஒரு வட்டாரத்தில் குணம் வேண்டும் செபம் வேரோடியதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.